கதைப் புத்தகமும் கைப்பேசியும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் கதைப் புத்தகங்களை வைத்துக் குழந்தைகளை எப்படிப் பழக்குவது, இணையத்தில் கிடைப்பவற்றை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். தினமும் ராத்திரி ஒரே புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள். வேறு புத்தகம் எடுத்தால் அழுகை. படித்ததையே படித்தால் புதிதாக என்ன வரப்போகிறது?
— ஒரு வாசகி, திருப்பூர்

புத்தகத்தை மாற்றாதீர்கள், நீங்கள் படிக்கும் விதத்தை மாற்றுங்கள். முதல் தடவை குழந்தை கேட்பது என்ன நடக்கிறது என்பதை மட்டும். அடுத்து என்ன வரும் என்பது மனப்பாடமான பிறகுதான் அதன் கவனம் சொற்களின் மேலும், படத்தின் மூலையில் இருக்கும் சின்ன விஷயங்களின் மேலும் போகும். உங்கள் மகள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறாள்.

முதல் நாள் நிறுத்தாமல் வாசியுங்கள். இரண்டாம் நாள் எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பார்த்து இருவரும் பேசுங்கள். மூன்றாம் நாள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். அவளே சொல்லி முடிப்பாள். நான்காம் நாள் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "எனக்குக் கதை சொல்லு" என்று கேளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்துதான் சொல்வாள். அதைத் தவறென்று திருத்த வேண்டாம். பக்கம் புரட்டுவது, இடமிருந்து வலமாகப் போவது, படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு எல்லாம் அதில்தான் பழகும்.

கேள்வி கேட்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். "இது என்ன?", "இது என்ன நிறம்?" என்று அடுக்கினால் கதை நேரம் பரீட்சையாகிவிடும். "இந்தப் பூனை ஏன் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு?", "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாதபடி கேளுங்கள். அவள் "பயம்" என்று மட்டும் சொன்னால், "ஆமா, நாயைப் பார்த்துப் பயந்துபோயிருக்கு" என்று நீங்கள் அதை வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரை ஒரு மாதம் இந்த முறையில் படிக்கப் பழக்கிய ஆய்வு ஒன்று 1988-இல் அமெரிக்காவில் வெளியானது. வழக்கம்போலப் படித்துக்காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். ஒரு கதைக்கு மூன்று நான்கு கேள்விகள் போதும்.

மகன் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தமிழ் எழுத்துகள் எல்லாம் தெரியும். ஆனால் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறானே தவிர, சேர்த்துச் சொல்லாகப் படிக்க வரவில்லை. டியூஷன் வைத்தும் பலனில்லை.
— ஒரு வாசகர், நாமக்கல்

மிக அதிகமாக வரும் கேள்வி இது. 'படம்' என்று எழுதி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். "ப... ட... இம்" என்று சொன்னால் சிக்கல் எங்கே என்பது தெரிந்துவிடும். புள்ளி எழுத்துகளை "இக், இங், இச்" என்று பெயர் வைத்து மனப்பாடம் செய்திருப்பான். அந்த 'இ' ஒலி சொல்லுக்குள்ளே புகுந்துகொண்டால் எத்தனை தடவை சேர்த்தாலும் "படஇம்" என்றுதான் வரும். அவன் வைத்திருப்பது எழுத்தின் பெயர். வாசிக்கத் தேவைப்படுவது அதன் ஒலி.

பழைய காலண்டர் அட்டையில் ஒன்பது சீட்டுகள் வெட்டுங்கள். ஆறில் ட, ப, ம, ர, க, ல. மூன்றில் ட், ம், ல். புள்ளி எழுத்தைத் தனியாகக் காட்டவே கூடாது. முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டித்தான் காட்ட வேண்டும். 'ல்' சீட்டை 'க'வுக்குப் பக்கத்தில் வைத்து 'கல்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். 'க'வை எடுத்துவிட்டு 'ப' வையுங்கள், 'பல்'. பிறகு படம், மரம், கடல், பகல். அதன் பிறகு 'பட்டம்'. அதை நான்கு எழுத்தாக உடைக்காமல் பட் – டம் என்று இரண்டு துண்டாகப் படிக்கட்டும். கட்டம், மட்டம் இரண்டும் அதே அச்சில் வரும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அலுத்துப்போவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சொற்கள் தடுமாறாமல் வந்த பிறகு குறில் நெடில் குறிகளுக்குப் போகலாம். துணைக்கால் (கா), கி, கீ முதலில். கு, கூ வரிசைக்கு ஒரே மாதிரியான குறி கிடையாது. கு, சு, து மூன்றும் ஒவ்வொரு வடிவம். அதனால் வரிசையாக ஒப்பிக்க வைப்பதைவிட, குடை, சுவர், புலி, முயல் என்று சொல்லோடு சொல்லாகப் பழக்குவது நல்லது. கெ, கே, கை மூன்றும் பிறகு. குறி எழுத்துக்கு முன்னால் நிற்க, ஒலி பின்னால் வருவதால், இடமிருந்து வலமாகப் படிக்கும் குழந்தை அங்கே திகைத்து நிற்கும். குறியையும் எழுத்தையும் சேர்த்துப் பென்சிலால் ஒரே வட்டம் போட்டுக்காட்டினால் இரண்டும் ஒன்று என்பது பிடிபடும். இருபுறமும் அணைத்து நிற்கும் கொ, கோ கடைசியில் வரட்டும்.

இந்த நாட்களில் கதைப் புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் படியுங்கள், சொல்லுக்குக் கீழே விரல் நகர்ந்துகொண்டே போகட்டும். அவனுக்குத் தெரிந்த சொல் வரும்போது மட்டும் நிறுத்துங்கள், அவன் சொல்வான். தானாகப் படிக்க எடுத்துக்கொடுக்கும் புத்தகத்தில் பத்துச் சொல்லுக்கு இரண்டில் திக்கினால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவன் கேட்பதற்கானது, வாசிப்பதற்கானது அல்ல.

இன்னொன்று. 'பூனை பாலைக் குடித்தது' என்று அச்சிட்டிருப்பதை அவன் "பூனை பாலக் குடிச்சிருச்சு" என்று படித்தால் திட்ட வேண்டாம். பொருள் புரிந்ததால்தான் தன் பேச்சில் சொல்கிறான். "சரிதான், புத்தகத்தில் எப்படி எழுதியிருக்காங்க, கடைசி எழுத்தைப் பாரு" என்றால் போதும். புதுக் கதையை முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு எழுதியபடி வாசித்துக்காட்டினால் புத்தக நடை குழந்தைக்கு அந்நியமாகப் படாது.

தமிழில் இலவசமாகக் கதைப் புத்தகங்கள் இணையத்தில் எங்கே கிடைக்கும்? வீட்டில் ஒரே ஒரு போன். அதுவும் மாலை ஏழு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வரும்.
— ஒரு வாசகி, தென்காசி

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து, அடுத்து நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நிலைக் கதைகள் ஏறத்தாழ 250 சொற்களுக்குள் முடியும். இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1500 வரை, நான்காம் நிலை அதற்கும் மேல். வகுப்பைப் பார்த்து நிலையை முடிவு செய்ய வேண்டாம். நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் முதல் நிலையிலிருந்து தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் கதையை மொழிபெயர்த்து ஏற்றக்கூடிய தளம் என்பதால், சில கதைகளில் தமிழ் கரடுமுரடாக இருக்கும். குழந்தைக்குக் காட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் அந்தக் கதை வேண்டாம்.

போன் ஒன்றுதான் என்றால் அச்செடுத்துவிடுவதே நல்லது. அந்தத் தளத்தின் கதைகளை, எழுதியவர், வரைந்தவர் பெயரோடு, அச்சிட்டுக்கொள்ள உரிமம் இடம் கொடுக்கிறது. பி.டி.எஃப். இறக்கி ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய், 'ஏ4 தாளில் மேலொன்று கீழொன்றாக இரண்டு பக்கம், ஒரு பக்க அச்சு' என்று கேளுங்கள். படக்கதைகளின் பக்கங்கள் பெரும்பாலும் அகலவாக்கில் இருப்பதால் இப்படிச் சரியாகப் பொருந்தும். பதினாறு பக்கக் கதைக்கு எட்டுத் தாள். குறுக்கே பாதியாக வெட்டி, வரிசையாக அடுக்கி, இடது ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளி மூன்று ஓட்டை போட்டு நூலால் கட்டிவிடலாம். சின்ன ஸ்டேப்லர் பதினாறு தாளைத் துளைக்கத் திணறும். ஊசி முனையும் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும்.

காசு மிச்சமென்று இருபக்க அச்சு வாங்கினால், வெட்டிய பிறகு முதல் பக்கத்தின் முதுகில் மூன்றாம் பக்கம் வந்து வரிசை குலைந்துவிடும். ஒரு பக்க அச்சில் முதுகுகள் வெறுமையாகக் கிடப்பது வீணே அல்ல, அங்கே குழந்தை படம் வரையட்டும். கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் எழுத்து வெள்ளைப் பின்னணியில் இருக்கும் கதையாகப் பாருங்கள். படத்தின் மேலேயே எழுத்து இருந்தால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய சிறுவர் நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். சின்னக் குழந்தை அங்கே திணறும். அவற்றைப் பெரியவர்கள் வாசித்துக்காட்டலாம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையென்றால், பள்ளிக் கல்வித்துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து அழகாகச் செய்திருக்கிறார்கள்.

யூடியூபில் கதை வீடியோ போட்டால் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறான். மூன்றரை வயது. அதுவும் கற்றல்தானே?
— ஒரு வாசகி, கும்பகோணம்

ஓரளவுக்குத்தான். இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. அமைதியாக உட்கார்ந்திருப்பதைக் கற்றல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வயதில் திரும்பப் பேச ஆள் இருந்தால்தான் பேச்சு வளரும். அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு ஒரே கதையைப் போடுங்கள். நடுவில் நிறுத்தி, "இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மறுநாள் அதே கதையைப் படம் இல்லாமல், போனைக் கவிழ்த்து வைத்து, ஒலியாக மட்டும் கேட்கச் செய்யுங்கள்.

நாலு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இருவரையும் ஒரே கதையில் உட்கார வைக்க ஏதாவது செயல்பாடு சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், விழுப்புரம்

ஒற்றைத் தாள் புத்தகம் செய்யச் சொல்லுங்கள். பெரியவன் எழுதட்டும், சின்னது வரையட்டும். ஏ4 தாளை மூன்று தடவை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் விழும். இப்போது குட்டைப் பக்கங்கள் இரண்டும் சேரும்படி ஒரே ஒரு தடவை மடியுங்கள். மடிந்த ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்டத்தின் அளவு மட்டும் வெட்டி விரித்தால், தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். தாளை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றிப் படிய வைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம். திறந்த ஓரத்திலிருந்து வெட்டிவிட்டால் நடுவில் கீறல் விழாது, வேறு தாள்தான் எடுக்க வேண்டும். எழுதத் தொடங்கும் முன் பக்க எண்களைப் பென்சிலால் போட்டுவிடுங்கள். விரித்த தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும்.

முன்னட்டை, பின்னட்டை போக ஆறு பக்கம். படித்த கதையையே எழுத வேண்டாம். அந்தக் கதையின் முடிவுக்கு மறுநாள் என்ன நடந்தது என்று எழுதட்டும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தினால் அடுத்த புத்தகம் வராது.

மூன்றாம் வகுப்பு மகள் கடகடவென்று வாசிக்கிறாள். மூடி வைத்துவிட்டு என்ன கதை என்று கேட்டால் விழிக்கிறாள்.
— ஒரு வாசகி, திருச்சி

வேகமாக வாசித்தால் பாராட்டு என்று பழகியிருப்பாள். வேகத்தைப் பாராட்டுவதை நிறுத்துங்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை எழுத்தின் மேல் தாள் வைத்து மறைத்து, படத்தைப் பார்த்துத் தன் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் முழுக் கதையையும் திரும்பப் படிக்க வேண்டாம், அந்த இரண்டு பக்கம் போதும்.

'தயங்கினாள்', 'வியந்தான்' போன்ற சொற்களை வாய்விட்டுப் படித்திருப்பாள், பொருள் தெரிந்திருக்காது. இவற்றை அகராதியில் தேடுவதைவிட நடித்துக்காட்டுவது மேல். "தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டு பார்ப்போம்" என்றால் அந்தச் சொல் அப்புறம் மறக்காது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரனைப் பகல் முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் என்ன செய்ய முடியும்? (மருமகள் எழுதிக் கொடுக்கிறாள்.)
— ஒரு பாட்டி, தேனி மாவட்டம்

நிறைய முடியும், அம்மா. எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. மருமகளை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு நீங்கள், அடுத்த பக்கத்துக்குப் பேரன் என்று மாற்றி மாற்றிக் கதை கட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதைகளையும் விடுகதைகளையும் சொல்லுங்கள். குதிர், உரல், ஏற்றம் என்று உங்கள் வாயில் வரும் சொற்கள் பிறகு புத்தகத்தில் கண்ணில் படும்போது, அவனுக்கு அவை முன்பே கேட்டுப் பழகியவையாக இருக்கும். சொல்லும்போது மருமகள் போனில் பதிவு செய்து, ஒரு கதையை ஐந்தாறு வரியாக நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். அவன் படம் வரைந்து, எழுத்து கூட்ட வந்ததும் அதையே உங்களுக்கு வாசித்துக்காட்டட்டும். எந்த வரியில் திக்கினாலும் அடுத்து என்ன வரும் என்பது உங்களுக்குத் தெரியும், எடுத்துக்கொடுத்துவிடலாம்.