அவளால் முடிந்தது, என்னால் ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு 33 வயது. நான்கு வருடம் காதலித்தவர் அதே நேரத்தில் இன்னொரு பெண்ணோடும் பழகியது தெரிந்து, பிரிந்து மூன்று வருடமாகிறது. இப்போது ஒருவரோடு ஏழு மாதமாகப் பழகுகிறேன். இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவர் எழுந்து அந்தப் பக்கம் போனால் என் கண் அவருடைய போனுக்குத்தான் போகிறது, இரண்டு முறை எடுத்துப் பார்த்தும்விட்டேன். போன வாரம் ஒரு காதல் நாவல் படித்தேன். அதிலும் கதாநாயகி ஏமாற்றப்பட்டவள். கடைசி அத்தியாயத்தில் அவன் மழையில் நனைந்துகொண்டு வந்து மனம்விட்டுப் பேசியதும் அவளுடைய பயமெல்லாம் போய்விடுகிறது. படித்துவிட்டு அழுதேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழி, உங்களுக்கு மட்டும் இப்படி இல்லை. முதலில் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காதல் நாவலுக்கு அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் வகுத்த இலக்கணத்தில் இரண்டே விஷயங்கள்தான்: கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அதாவது அவளுடைய பயம் புத்தகம் முடிவதற்குள் தீர்ந்தே ஆக வேண்டும், அது எழுத்தாளர் வாசகருக்குக் கொடுத்த வாக்கு. உங்களுக்கு அப்படி யாரும் கெடு வைக்கவில்லை.

அதற்காக நாவலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுப் பக்கங்களை மறுபடி படித்துப் பாருங்கள். வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு அவன் வந்திருப்பான், அவள் பாதியில் நிறுத்திய ஒரு பேச்சை இரண்டு அத்தியாயம் தாண்டி ஞாபகம் வைத்துக் கேட்டிருப்பான், அவள் வேண்டாம் என்றபோது முகம் கோணாமல் விலகியிருப்பான். நல்ல எழுத்தாளர் இதையெல்லாம் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டே போவார், அதனால்தான் மழைப் பேச்சு நம்மை அழவைக்கிறது. ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதிதாகத் திருமணமான ஜோடிகளை ஆராய்ந்து, 6 ஆண்டுகள் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவர் “இங்கே பாரேன்” என்பதுபோலச் சின்னதாக எதையாவது சொல்லும்போது மற்றவர் திரும்பிப் பார்த்துப் பதில் தந்தது, சேர்ந்திருந்த ஜோடிகளில் 100க்கு 86 முறை, பிரிந்தவர்களில் 33 முறை. நீங்கள் இப்போது நடு அத்தியாயத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, போன் விஷயம். எடுத்துப் பார்த்தீர்கள், ஒன்றும் இல்லை. நிம்மதி எத்தனை நாள் இருந்தது? ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் “ஒன்றும் இல்லை” என்று மனம் எடுத்துக்கொள்ளாது, “நன்றாக மறைத்திருக்கிறார்” என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் இந்தத் தேடலுக்கு முடிவே கிடையாது. தவிர, அது அவருக்குத் தெரியாமல் நீங்கள் செய்வது, அந்தக் குற்ற உணர்வும் சேர்ந்து உங்களை அரிக்கும்.

எனக்கென்னவோ நீங்கள் நம்பாதது அவரை இல்லை என்றுதான் படுகிறது. “அன்றைக்கே எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று, நான் இவ்வளவு ஏமாளியா” என்று மூன்று வருடமாக உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா? உங்கள் கண்மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இப்போது அந்தக் கண்ணால் நல்லதைப் பார்த்தாலும் இதுவும் பொய்யாக இருக்குமோ என்று தோன்றுகிறது. ஆனால் அன்று நீங்கள் பார்க்கத் தவறவில்லை, ஒருவர் மெனக்கெட்டு மறைத்தார். மறைத்தது தெரியாமல் போனதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? தெரிந்ததும் விலகி வந்தீர்கள். அந்தத் தைரியத்தையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவரிடம் பேசுங்கள். பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம், சண்டை இல்லாத ஒரு சாதாரண நாளில், “எனக்கு முன்னால் இப்படி ஒன்று நடந்தது, அதனால் சில நேரம் காரணமே இல்லாமல் பயம் வருகிறது, உங்கள் போனை இரண்டு முறை பார்த்துவிட்டேன், இனி பயம் வந்தால் உங்களிடமே சொல்கிறேன்” என்று சொன்னால் போதும். கேட்டதும் அவர் கொஞ்சம் வருத்தப்படலாம், கோபம்கூட வரலாம், அது நியாயம்தான். அந்த நிமிடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ சண்டையில் “நீ சந்தேகப் பிராணி” என்று இதையே எடுத்துக் குத்துகிறாரா, அல்லது தாமதமாகும் நாளில் நீங்கள் கேட்காமலே ஒரு மெசேஜ் போடுகிறாரா என்று பாருங்கள். குத்தினால் உங்கள் பயத்துக்குக் காது கொடுங்கள், அவரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

தூக்கம் கெடுகிறது, வேலையில் மனம் ஒட்டவில்லை என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பார்க்கத் தயங்காதீர்கள். இல்லையென்றால் முதலில் உங்கள் காதலரிடம் பேசுங்கள். பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.