ஏஎம்டி-யின் எபிக் ப்ராசசருக்கான பழைய சர்வர் போர்டில் 64 கோர் ப்ராசசர் ஓடுமா? சாக்கெட் ஒன்றுதானே?

ப்ராசசரை மாட்டும் சாக்கெட் ஒன்றுதான். ஆனால் அதை மட்டும் நம்பி ப்ராசசர் வாங்கிவிடாதீர்கள். அப்படி வாங்கி இரண்டு வாரம் அல்லாடியவன் நான்.

2017-ல் வந்த எபிக் 7001 வரிசைக்கான போர்டில், 7002 வரிசையின் 64 கோர் 7742-ஐ மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 7001, 2019-ல் வந்த 7002, 2021-ல் வந்த 7003 எல்லாமே எஸ்பி3 சாக்கெட், 4094 தொடுமுனைகள். ஏஎம்டி-யின் இன்னொரு ப்ராசசரான த்ரெட்ரிப்பரின் டிஆர்4 சாக்கெட்டிலும் அதே 4094 தான். அதற்காக த்ரெட்ரிப்பர் எபிக் போர்டில் ஓடாது.

என் 7001 போர்டுக்கு நான் வாங்கியது 64 கோர் 7702, அதுவும் 7002 வரிசைதான். 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும் மூன்று திருகுகளையும் அதே வரிசையில் முறுக்கி சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கள் அலறின, திரையில் ஒன்றும் வரவில்லை. ரேமை மாற்றினேன், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், ப்ராசசரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பயாஸ் சிப்பின் (போர்டை உயிர்ப்பிக்கும் மென்பொருள் இருக்கும் சிப்) முதுகில் 25க்யூ128 என்றிருந்தது. அந்த 128 மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 16 மெகாபைட். 7002-க்கான பயாஸுக்கு என் போர்டில் 32 மெகாபைட் வேண்டும். எழுத இடமே இல்லை. அதே மாடலின் அடுத்த ரிவிஷனில் 256 மெகாபிட் சிப் போட்டிருந்தார்கள். போர்டின் மூலையில் வெள்ளை எழுத்தில் அச்சடித்த ரிவிஷன் எண்தான் இரண்டுக்கும் வித்தியாசம். நான் பார்க்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

ரிவிஷன் சரியாக இருந்தாலும் அடுத்தது பவர். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 7601 என்றால் 180 வாட், 7742 என்றால் 225 வாட். 45 வாட்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் ப்ராசசர் 12 வோல்ட்டை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் சோக், மாஸ்ஃபெட், கெபாசிட்டர் எல்லாம் சேர்ந்த வி.ஆர்.எம். அதை ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு இறக்கித் தருகிறது. 1 வோல்ட்டில் 225 வாட் என்றால் 200 ஆம்பியருக்கு மேல்! வீட்டு ஏசி இழுப்பதே பத்து ஆம்பியருக்குள்தான். இவ்வளவையும் ஒரே பாதையில் அனுப்ப முடியாது என்பதால்தான் பல ஃபேஸ்களாகப் பிரிக்கிறார்கள். எட்டு ஃபேஸ் இருந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 25 ஆம்பியருக்கு மேல் விழும். மின்தடையில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே கடிக்கும். வாட் கால் பங்கு கூடினால் அந்த வெப்பம் ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். 180 வாட்டுக்கு அளந்து செய்த போர்டு அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் ரிவிஷனுக்கு நேரே எத்தனை வாட் வரை என்று போட்டிருக்கிறதோ, அதுதான் கணக்கு.

இன்னொன்று. சர்வர் போர்டின் வி.ஆர்.எம். ஹீட்சிங்க் சின்னதாக இருக்கும். முன்பக்க ஃபேன்கள் காற்றை வாரி இறைக்கும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தது அது. புது ரிவிஷன் போர்டு வாங்கிய பிறகு, சத்தம் வேண்டாமென்று அதை டவர் கேபினட்டில் வைத்தேன். எல்லா கோர்களையும் ஓட்டியதும் பி.எம்.சி. (சர்வர் போர்டைக் கண்காணிக்கும் தனி சிப்) திரையில் ப்ராசசர் 62 டிகிரி, வி.ஆர்.எம். 104. சில நிமிடத்தில் வேகம் பொத்தென்று விழுந்தது. ப்ராசசர் கூலரை எவ்வளவு பெரிதாகப் போட்டும் பயனில்லை, வி.ஆர்.எம். மேல் நேராகக் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனைக் கட்டிய பிறகுதான் 80-க்குக் கீழே வந்தது.

போர்டில் இரண்டு 8 பின் பவர் இணைப்பு இருந்தால் இரண்டையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிளாகக் கொடுங்கள். பழைய ப்ராசசர் வாங்குவதானால் அது எந்தக் கம்பெனி சர்வரிலிருந்து கழற்றியது என்று கட்டாயம் கேளுங்கள். சில கம்பெனி சர்வர்களில் ஒருமுறை பூட் ஆன எபிக், அந்தக் கம்பெனி போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். வேறு கம்பெனி போர்டில் ஓடாது.

உங்கள் போர்டின் ரிவிஷன் எண்ணையும் பயாஸ் சிப்பின் எண்ணையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பழைய ரிவிஷனாக இருந்தால் 7742-ஐ மறந்துவிட்டு 7601 அல்லது 7551 தேடுங்கள். இரண்டும் 32 கோர், இரண்டும் 180 வாட்.