பிரிட்டனில் ஹோம்பேஸ், வில்கோ மாதிரி வீட்டு வேலைச் சாமான் கடைகள் ஏன் வரிசையாக மூடிப்போயின? அமேசான்தான் காரணமா?

அமேசானும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்னாடியே வேறு சில விஷயங்கள் நடந்துவிட்டன என்று நினைக்கிறேன். நான் லண்டனுக்குத் தெற்கே கிராய்டன் பக்கம் இருபது வருடமாக இருக்கிறேன், வந்த புதிதில் மூன்று வருடம் சனி ஞாயிறுகளில் இப்படி ஒரு கடையில் பெயிண்ட் கவுண்டரில் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே பார்த்ததையும் சேர்த்துக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நம்மூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் குழாய் ஒழுகினால் பிளம்பர், கதவு பிடித்தால் ஆசாரி, சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கத் தனி ஆள். ஹார்டுவேர்ஸ் கடைக்கு நாம் போவதே அவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாங்கி வரத்தான். இங்கே ஆள் கூலி அதிகம், கூப்பிட்ட அன்றைக்கு யாரும் வரவும் மாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக்காரரே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதரை நம்பித்தான் இந்தக் கடைகள் எல்லாம் எழும்பின.

அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவிலும் ஒரு இரும்புச் சாமான் கடை இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் சின்னச் சின்ன இழுப்பறைகள், பத்து திருகாணி கேட்டால் பத்து எண்ணித் தருவார்கள். 1969-ல் சவுதாம்ப்டனில் ரிச்சர்ட் பிளாக், டேவிட் குவேல் என்ற இரண்டு பேர் ஒரு கடை போட்டார்கள், அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள்தான் பி அண்ட் க்யூ. வாடிக்கையாளரே தட்டில் இருந்து எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். அப்புறம் ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடம் விட்டுப் பெரிய கொட்டகைகளாகக் கட்ட ஆரம்பித்தார்கள். சூப்பர்மார்க்கெட் நடத்தும் செயின்ஸ்பரிஸ் 1981-ல் எங்கள் கிராய்டன் பர்லி வே சாலையில் முதல் ஹோம்பேஸைத் திறந்தது. டெக்ஸஸ், டூ இட் ஆல், கிரேட் மில்ஸ், ஃபோகஸ், விக்ஸ் என்று இன்னும் ஒரு வரிசையே இருந்தது. தெருமுனை இரும்புக் கடைகளை முதலில் விழுங்கியது இவைதான், அதை மறைத்துப் பேசுவது நியாயமாக இருக்காது.

அந்த நேரத்தில் காலமும் இவர்கள் பக்கம் இருந்தது. 1980-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதே வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. நகராட்சிக் குடியிருப்பில் வாசல்கதவு எல்லாம் ஒரே நிறமாக இருக்கும், வீட்டை வாங்கியவர் முதல் வேலையாகக் கதவை மாற்றுவார், இல்லையென்றால் கதவுக்கு வேறு நிறமாவது அடிப்பார். அந்தப் பெயிண்ட், அந்தக் கைப்பிடி, அந்தக் கீல் எல்லாம் விற்றவர்கள் இவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்திலேயே பி அண்ட் க்யூ திறந்து வைத்து விற்றது, நகராட்சிகள் வழக்குப் போட்டன. வேல்ஸில் டார்ஃபேன் நகராட்சி போட்ட வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1989-ல் தீர்ப்பானது. கடைசியில் 1994-ல் சட்டமே மாறி, பெரிய கடைகள் ஞாயிறு ஆறு மணி நேரம் திறக்கலாம் என்று ஆயிற்று.

சரி, இவ்வளவு பலமாக இருந்தது எப்படிச் சரிந்தது? நான் வேலை பார்த்த கடையில் குழாய்ப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடம் பிளம்பராக இருந்து, முழங்கால் போனதால் கடைக்கு வந்தவர். யாராவது வந்து குழாய் ஒழுகுகிறது, வாஷர் வேண்டும் என்றால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். கைப்பிடியை மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் நிற்கிறதா, இல்லை கால் சுற்றிலேயே நிற்கிறதா என்று கேட்பார். பல சுற்று என்றால் உள்ளே ரப்பர் வாஷர், சில காசுக்கு முடிந்துவிடும். கால் சுற்று என்றால் உள்ளே இருப்பது பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ், அதில் வாஷர் மாற்றும் பேச்சே இல்லை, அதன் தலையில் இருபது பல்லா இருபத்து நான்கு பல்லா என்று எண்ணிப் பார்த்து அதே மாதிரிதான் வாங்க வேண்டும். பழையதைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், அதற்கு முன் சிங்க்குக்கு அடியில் இருக்கும் மெயின் வால்வை மூடிவிட்டுக் கழற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அன்றைக்கு விற்பனை பூஜ்யம். ஆனால் அந்த ஆள் திரும்பி வருவார், வரும்போது பிடிசாவி, டேப், சீலண்ட் எல்லாம் சேர்த்து வாங்கிப் போவார், அடுத்த வருடம் குளியலறை முழுவதையும் மாற்ற நினைத்தால் நேரே அந்தப் பெரியவரைத் தேடித்தான் வருவார்.

நான் பெயிண்ட் கலக்கக் கற்றுக்கொண்டதும் இன்னொரு வயதான அம்மாவிடம்தான். ஒருவர் திரைச்சீலையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வந்து இந்த நிறம் வேண்டும் என்பார். துணியை ஸ்கேனரில் வைத்தால் எந்தச் சாயம் எத்தனை துளி என்று மெஷின் சொல்லிவிடும், வெள்ளை பேஸ் டப்பாவில் சாயம் விழும், மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக் குலுக்கும் மெஷினில் வைப்போம். அதோடு கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த அம்மா அப்படி விட மாட்டார். மூடி மேல் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, துணியை அதன் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளரை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், ட்யூப்லைட்டில் வேறொரு நிறம். திருப்பிக் கொண்டுவரும் டப்பா எங்கள் கவுண்டரில் மிகக் குறைவு.

இது ஏதோ என் மனப்பிரமை இல்லை. பி அண்ட் க்யூவே 1989-ல் மேக்கிள்ஸ்ஃபீல்டில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் வேலைக்கு வைத்து ஒரு கடை திறந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது அந்தக் கடையில் லாபம் மற்ற கடைகளைவிட 18 சதவீதம் அதிகம், வேலையை விட்டுப் போகிறவர்கள் மற்ற கடைகளில் போகிறவர்களில் ஆறில் ஒரு பங்குதான், சரக்குத் திருட்டும் சேதமும் அங்கே இருப்பதில் பாதிக்கும் கீழே. இப்படிப்பட்ட பாடம் கண் முன்னாலேயே இருந்தும் இந்தத் தொழிலில் செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோதெல்லாம் பெரும்பாலும் கைவைத்தது ஆட்கள் மேல்தான். எங்கள் கடையில் மேலிடம் மாறியதும் அந்தப் பெரியவரின் மணி நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள், அடுத்து அவரைச் செடி விற்கும் பகுதிக்கு மாற்றினார்கள், சில மாதத்தில் அவரே நின்றுவிட்டார். குழாய்ப் பிரிவில் அதற்குப் பிறகு நிரந்தரமாக ஆளே இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத கடைக்கு ஐந்து மைல் காரில் எதற்குப் போக வேண்டும்? வீட்டில் இருந்தே ஆர்டர் போட்டுவிடலாமே. அமேசான் உள்ளே நுழைந்த வாசல் அதுதான்.

ஹோம்பேஸின் கதையைப் பாருங்கள், கை மாறிக்கொண்டே இருந்தது. செயின்ஸ்பரிஸ் 2000-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது, அது 2002-ல் ஜி.யு.எஸ் என்ற குழுமத்துக்கு 90 கோடி பவுண்டுக்கு விற்றது, பிறகு ஆர்கோஸ் என்ற இன்னொரு கடைத் தொடரோடு சேர்த்துத் தனிக் கம்பெனியானது. 2016-ல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ஃபார்மர்ஸ் 34 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் நாட்டில் பன்னிங்ஸ் என்ற அவர்களுடைய கடைதான் ராஜா, அதே மாதிரியை இங்கேயும் நட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். வந்த வேகத்தில் பழைய மேல்மட்ட நிர்வாகிகளை வேலையை விட்டு அனுப்பினார்கள். கடைக்குள்ளேயே இருந்த லாரா ஆஷ்லி, ஹாபிடாட் என்ற வீட்டு அலங்கார பிராண்டுகளின் பகுதிகளை எடுத்தார்கள். ஹோம்பேஸுக்கு வந்தவர்களில் பலர் ட்ரில் வாங்க வரவில்லை. மெத்தை உறை, விளக்கு, சமையலறை அலமாரி பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு அங்கே இனி எதுவும் இல்லை. 2018 மே மாதம் கடைகள் மொத்தத்தையும், நலிந்த கம்பெனிகளை வாங்கும் ஹில்கோ என்ற நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வருடமே 42 கடைகளை மூட முடிவானது. கொரோனா ஊரடங்கில் இந்தக் கடைகளை அத்தியாவசியம் என்று திறக்க விட்டார்கள், வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லோரும் வேலி சரிசெய்தார்கள், சுவரில் பெயிண்ட் அடித்தார்கள், விற்பனை கொஞ்சம் தலைதூக்கியது. அது போனதும் பழைய நிலைமை. 2024 நவம்பரில் திவால் நிர்வாகத்துக்குப் போனது, பெயரையும் எழுபது கடைகள் வரையிலும் தி ரேஞ்ச் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஃபோகஸும் இப்படித்தான், 2007-ல் ஒரு பவுண்டுக்குக் கைமாறி 2011-ல் மூடியது, ஏறத்தாழ 3,900 பேருக்கு வேலை போயிற்று. சேர்ந்துவிட்ட கடன் ஒரு பக்கம், பல வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்த கட்டட வாடகை இன்னொரு பக்கம். விற்பனை கொஞ்சம் சரிந்தாலும் தாங்காது.

இன்னொரு பக்கம் வாடிக்கையாளரும் மாறிப்போனார். நான் வந்த காலத்தில் இங்கிலாந்தில் பத்தில் ஒரு குடும்பம்தான் தனியார் வாடகை வீட்டில் இருந்தது, இப்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், அப்படி இருப்பவர்கள் ட்ரில் வாங்கி என்ன செய்வார்கள்? 2005-ல் இருந்து வீட்டு மின்வேலைகளுக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது, முக்கியமான வயரிங் எல்லாம் பதிவு செய்த எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டும், இல்லையென்றால் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். 2004-க்குப் பிறகு போலந்து போன்ற நாடுகளில் இருந்து நல்ல வேலைக்காரர்கள் நிறைய வந்தார்கள், என் தெருவிலேயே பலர் ஏணியை ஷெட்டில் போட்டுவிட்டு ஆள் வைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வேலைக்காரர் ஞாயிறு உலா வருகிற கடைக்குப் போக மாட்டார். அவருக்குக் காலை ஏழு மணிக்குக் கவுண்டரில் பெயர் சொன்னால் சாமான் கைக்கு வர வேண்டும். ஸ்க்ரூஃபிக்ஸ் அதைத்தான் செய்கிறது. 1979-ல் தபாலில் திருகாணி விற்க ஆரம்பித்த கம்பெனி அது, இன்று தொள்ளாயிரத்துக்கு மேல் கிளைகள். பி அண்ட் க்யூ, ஸ்க்ரூஃபிக்ஸ் இரண்டுக்கும் முதலாளி கிங்ஃபிஷர்தான். 2015-ல் ஒரே மூச்சில் அறுபது பி அண்ட் க்யூ கடைகளை மூடுகிறோம், இருநூறு ஸ்க்ரூஃபிக்ஸ் திறக்கிறோம் என்று அறிவித்தார்கள். வீட்டுக்குச் செலவழிக்கும் பணம் எங்கும் போய்விடவில்லை, வாங்குகிற கைதான் மாறியிருக்கிறது.

எனக்கு அதிகமாக வலித்தது வில்கோ போனதுதான். ஹோம்பேஸுக்குப் போகக் கார் வேண்டும். வில்கோ கடைத்தெருவின் நடுவிலேயே இருந்தது. 1930-ல் லெஸ்டரில் ஆரம்பித்த குடும்பக் கடை, 2023 ஆகஸ்டில் விழுந்தபோது நானூறு கடைகள், 12,500 ஊழியர்கள். பஸ்ஸில் போய் ஒரு சின்ன டப்பா பெயிண்ட், உப்புத்தாள், கதவு இடுக்கில் காற்று வராமல் ஒட்டும் பட்டை, நான்கு கொக்கி வாங்கி ஒரே பையில் போட்டுக்கொண்டு வரலாம். எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு இணையத்தில் வாங்கத் தெரியாது, கார் கிடையாது. இப்போது பல்பு போனால் எங்கள் கதவைத் தட்டுகிறார். நான் மாட்டிக் கொடுப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்பு அவரே போய், நான்கு பல்பைப் பார்த்து, வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று கேட்டு வாங்கி வந்து அவரே மாட்டிக்கொள்வார்.

போன மாதம் எங்கள் மாடிக் குளியலறையில் குழாய் சொட்ட ஆரம்பித்தது. இது நான் இதுவரை கைவைக்காத குழாய், முந்தைய வீட்டுக்காரர் மாட்டியது. அலுவலக அவசரத்தில் கைப்பிடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுகூடப் பார்க்காமல் இணையத்தில் எல்லா அளவும் கலந்த வாஷர் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். சனிக்கிழமை வால்வை மூடிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பீங்கான் கார்ட்ரிட்ஜ். குனிந்து பல்லை எண்ணினேன், இருபத்து நான்கு. தார்ண்டன் ஹீத்தில் இன்னும் திறந்திருக்கும் ஒரு சின்னச் சாமான் கடைக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்னால் போய் மூன்று பெட்டிகளைத் திறந்தார், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் விலையைச் சொன்னார்.