காக்ளியர் இம்ப்ளான்ட்டில் புது முறை நிஜமாகவே மேலானதா? சோதிப்பது எப்படி? – கேள்வி பதில்

வணக்கம். காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது உள்காதில் எலக்ட்ரோடுகளைப் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி; அதன் வெளிப்பாகம்தான் ப்ராசஸர். காக்ளியர் இம்ப்ளான்ட் ப்ராசஸருக்குள் ஓடும் ஒலிச் செயலாக்க முறைகளை, அதாவது மைக்கில் விழும் சத்தத்தை எந்த எலக்ட்ரோடுக்கு எவ்வளவு மின்துடிப்பாக அனுப்புவது என்று முடிவு செய்யும் முறைகளை, இம்ப்ளான்ட் போட்டிருப்பவர்களிடமே சோதித்துப் பார்ப்பது என் வேலை. வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, 6 வருஷமா ஏஸ் (ACE) என்ற ஒலிச் செயலாக்க முறையில்தான் கேட்கிறேன். போன மாதம் கிளினிக்கில் புதுசா ஒன்று போட்டுவிட்டு 10 நிமிஷத்தில் "எப்படி இருக்கு?" என்றார்கள். பழசே தேவலை என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டேனா?

10 நிமிஷத்தில் யாராலும் சொல்ல முடியாதுப்பா. உங்கள் மூளை இத்தனை வருஷமாக ஏஸ் தரும் துடிப்புகளைத்தான் பேச்சு என்று பழகி வைத்திருக்கிறது. புதியது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதல் நாள் குரல் கீச்சென்றோ கரகரப்பாகவோ கேட்கக்கூடும். அதனால் ஒழுங்கான ஆய்வில், புதியதைச் சில வாரம் வீட்டில் போட்டுப் பழகவிட்டு அளப்பார்கள், அப்புறம் பழையதற்குத் திரும்பி மறுபடி அளப்பார்கள், பாதிப் பேருக்கு இந்த வரிசையையே மாற்றி வைப்பார்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1991ல் வெளியானது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிளேக் வில்சன் குழு சிஐஎஸ் (CIS) முறையை, அதாவது எலக்ட்ரோடுகளுக்கு ஒரே நேரத்தில் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிப்பு அனுப்பும் முறையை, 7 பேரிடம் சோதித்தது. எல்லோரும் பழைய அனலாக் முறையிலேயே நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய இனரெய்ட் கருவியில் காதுக்குப் பின்னால் தோலுக்கு வெளியே ஒரு இணைப்பு முனை இருக்கும். ஆய்வகக் கருவியை அதில் சொருகினால் நேராக எலக்ட்ரோடுக்கே போய்விடலாம். பழையதில் நீண்ட பழக்கம், புதியதில் சில மணி நேரம்தான், அப்படியும் புதியது ஜெயித்தது. அப்படி ஜெயித்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தோற்றிருந்தால்தான் முறை மோசமா, பழக்கம் போதவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருக்கும். உங்கள் விஷயத்தில் நடந்தது அந்த இரண்டாவது வகை. முடிந்தால் புதியதை இரண்டாவது ப்ரோக்ராமாகப் போட்டு வாங்கி, ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

கேள்வி: மேடம், மகளுக்கு மேப்பிங் (ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்ற அமைப்பு) மாற்றிய பிறகு 25 சொல் டெஸ்டில் 15லிருந்து 12 ஆகிவிட்டது. தூக்கமே வரவில்லை. பழைய மேப்பையே கேட்கலாமா?

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். 25 சொல் மட்டும் வைத்துச் சோதித்தால், பாதி மதிப்பெண் எடுக்கும் ஒருவருக்கு, எதையுமே மாற்றாமல் இரண்டு முறை சோதித்தாலும் 25 சதவீதப் புள்ளி வரை வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். உங்கள் மகளுக்கு 60 சதவீதத்திலிருந்து 48 ஆகியிருக்கிறது, இறங்கியிருப்பது 12 புள்ளி. 100 சொல் கேட்க வைத்தால் அந்தத் தற்செயல் ஆட்டம் பாதியாகக் குறையும். இன்னொரு நாள், குழந்தை களைப்பில்லாமல் இருக்கும்போது, வேறு பட்டியலில், கூடுதல் சொற்களோடு எடுக்கச் சொல்லுங்கள். அதே பட்டியல் வேண்டாம், குழந்தைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மைக் கவர் அடைத்திருக்கிறதா, எலக்ட்ரோடுகளின் இம்பீடன்ஸ் (மின்தடை) சரியா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற லிங் டெஸ்ட் வீட்டில் தினமும் செய்கிறோம். இரண்டு முறைகளை ஒப்பிட அது போதாதா?

போதாது. கருவி இன்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அது அருமையான டெஸ்ட், விடாமல் செய்யுங்கள். ஆறு ஒலியும் இரண்டு முறையிலும் கேட்டுவிடும் என்பதால் ஒப்பிட உதவாது.

கேள்வி: லேபில் உட்கார வைத்து நிஜமாக என்ன செய்வீர்கள்?

எதிரொலி இல்லாத அறை, முகத்துக்கு நேரே ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர். ஒரு வாக்கியம் ஒரே முறை ஒலிக்கும், கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பின்னணி இரைச்சலை 2 டெசிபெல் கூட்டுவோம், தவறினால் 2 டெசிபெல் குறைப்போம். இப்படியே போனால் பாதி வாக்கியம் புரிகிற இடத்தில் வந்து நிற்கும், அந்த அளவைத்தான் குறித்துக்கொள்வோம். அமைதியில் மட்டும் சோதித்தால் நன்றாகக் கேட்பவர்கள் எந்த முறையிலும் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிவிடுவார்கள், வித்தியாசமே தெரியாது.

இதற்கு முன்னால் செய்யும் வேலைதான் முக்கியம். இரண்டு ப்ரோக்ராமும் ஒரே அளவு சத்தமாகக் கேட்கிறதா என்று சமன் செய்ய வேண்டும். ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தாலே "இதுதான் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள், அது மனித இயல்பு. எது புதியது என்று கேட்பவருக்கும் சொல்லக்கூடாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியக்கூடாது.

கேள்வி: அக்கா, நான் இசிஇ கடைசி வருஷம். என் அல்காரிதத்தை வோகோடர் (இம்ப்ளான்ட்டில் கேட்பது போல ஒலியை மாற்றித் தரும் மென்பொருள்) வழியாக நண்பர்களிடம் சோதித்தேன், பிரமாதமாக வந்தது. இது போதுமா?

நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 1995ல் ராபர்ட் ஷானன் குழு, பேச்சை வெறும் 4 இரைச்சல் பட்டைகளாக்கிக் கொடுத்தும் நல்ல காதுள்ளவர்களுக்கு வாக்கியங்கள் அமைதியில் பெரும்பாலும் புரிந்ததைக் காட்டியது. வோகோடர் அவ்வளவு தாராளமானது. காதுக்குள் நிலைமை வேறு. ஒரு எலக்ட்ரோடின் மின்சாரம் திரவத்தில் பரவிப் பக்கத்து நரம்புகளையும் தட்டும், அதனால் 22 எலக்ட்ரோடு இருந்தாலும் பலருக்குத் தனித்தனியாகப் பயன்படுவது சுமார் 8தான். சில இடங்களில் நரம்பே அழிந்திருக்கும். உங்கள் நண்பர்களுக்கு 20 வயது, கருவி போட்டவருக்கு 70 இருக்கலாம். வோகோடரில் தோற்பதைக் கழித்துக்கட்டுங்கள், ஜெயிப்பதை இம்ப்ளான்ட் உள்ளவர்களிடம் கொண்டுபோங்கள். 8 பேர் கிடைத்தாலும் ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டு, சராசரியோடு தனித்தனி முடிவையும் போடுங்கள். 5 பேருக்கு ஏறி 3 பேருக்கு இறங்கியதை ஒரு சராசரி மறைத்துவிடும், அந்த 3 பேரும் தினமும் அந்தக் கருவியோடு வாழ்பவர்கள்.

கேள்வி: இரைச்சலில் பிரமாதம் என்று விளம்பரம் செய்கிறார்கள், ஹோட்டலில் ஒன்றும் தெரியவில்லையே?

பேச்சு முன்னாலிருந்தும் இரைச்சல் பின்னாலிருந்தும் வரும்படி வைத்தால் முன்னாலிருந்து வருவதை எடுத்து மற்றதைக் குறைக்கும் இரட்டை மைக் நுட்பம் மிகப் பெரிய பலன் காட்டும். ஹோட்டலில் இரைச்சல் நாலாபுறமும் வரும், சுவரில் பட்டு எதிரொலிக்கும். ஸ்பீக்கர்களை எங்கே வைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் நல்ல முடிவு வந்த முறை தமிழுக்கும் பொருந்துமா?

தமிழிலும் தனியே சோதித்தாக வேண்டும். படம்–பாடம் வித்தியாசம் ஒலி நீளத்தில் இருக்கிறது, இம்ப்ளான்ட் அதை நன்றாகவே கடத்தும். வலி–வழி, மனம்–மணம் போன்றவை அதிர்வெண்ணின் நுண்ணிய வேறுபாடுகள், அங்கேதான் திணறும். வாக்கியத்தில் வைத்தால் சூழலை வைத்து ஊகித்துவிடுவார்கள், தனிச் சொல்லாகக் கொடுத்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: பாட்டு?

தாளம் நன்றாகப் போகும், சுருதிதான் கஷ்டம். துடிப்பின் வேகத்தை வைத்துச் சுருதியைப் பிரித்தறிவது பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 300 ஹெர்ட்ஸ் வரைதான். தெரிந்த பாட்டை வைத்துச் சோதித்தால் தாளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் எல்லா ஸ்வரத்தையும் ஒரே நீளத்தில் வாசித்துக் கொடுப்போம்.

கேள்வி: இப்படி ஆய்வில் சேர்ந்தால் ஆபத்து உண்டா?

வெளியே போடும் ப்ராசஸரில் மென்பொருள்தான் மாறும், அறுவை சிகிச்சை கிடையாது. மின்னளவு உங்கள் மேப்பில் உள்ள உச்ச வரம்பைத் தாண்டாதபடி பூட்டியிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இப்போதைய மேப்பைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், பழைய ப்ராசஸர் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். பிடிக்காவிட்டால் எந்த நிமிஷமும் எழுந்து வந்துவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.