பிழையின்றிப் படிக்கிறார்கள், பொருள் சொல்லத் தெரியவில்லை

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: ‘மாணவர்கள் பாடத்தைப் பிழையின்றிப் படித்து, வினாக்களுக்கும் விடை எழுதிவிடுகிறார்கள், கதையில் என்ன நடந்தது என்றால் மட்டும் விழிக்கிறார்கள். என்ன செய்வது?’

முதலில் வினாக்களை மாற்றுங்கள். ‘கிமலன் தொவளியில் நுபித்தான்’ என்று கரும்பலகையில் எழுதி, ‘கிமலன் எங்கே நுபித்தான்?’ என்று கேளுங்கள்; ‘தொவளியில்’ என்று வகுப்பே சொல்லும். பொருளற்ற வாக்கியத்திலும் ‘இல்’ உருபைப் பிடித்துக்கொண்டு விடை காண முடிகிறதென்றால், அவ்வகை வினா புரிதலைத் தொடவே இல்லை. பள்ளிக்கே வந்து ‘வாசிப்புத் திறன் பயிற்சி’ என்று புத்தகம் விற்கும் முகவர்களிடம் ஏமாறாதீர்கள். அவர்கள் தரும் புத்தகத்தில் பத்து வினாக்களைப் புரட்டிப் பார்த்தாலே, பெரும்பாலானவை கிமலன் வினாக்கள் என்பது தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

‘குடையை உதறி மூலையில் சாய்த்த பாட்டி, இனிப் பயிர் பிழைத்துக்கொள்ளும் என்றாள்’ என்ற வரியைப் படித்து, வெளியே என்ன நடந்தது என்று கேளுங்கள். மழை என்ற சொல்லே அங்கு இல்லை. முதல் சில நாள்கள், ‘குடையை ஏன் உதறினாள்? நனைந்திருக்க வேண்டும். பயிர் இனிப் பிழைக்கும் என்றால் இதுவரை வாடியிருக்கிறது’ என்று உங்கள் மனம் போகும் வழியை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு பொறுப்பை மாணவரிடம் கொடுங்கள். பாலின்சர், பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில் ஊகித்தல், வினா எழுப்புதல், ஐயம் தெளிதல், சுருக்கிச் சொல்லுதல் என்ற நான்கையும் மாணவர்களே முறைவைத்து ஆசிரியராக நின்று நடத்தினார்கள். நீங்கள் வினா எழுப்புதலை மட்டும் இரண்டு வாரம் செய்தால் போதும்.

எழுத்துக் கூட்டித் திணறும் குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது. அவனுக்கு அதே பத்தியை நீங்கள் படித்துக் காட்டிக் கேளுங்கள். சரியாகச் சொன்னால், குறை எழுத்தில்தான், புரிதலில் இல்லை. கடகடவென்று படிப்பவனும் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கலாம். ஆகவே அவன் காணாத நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கொடுத்துப் பார்க்காமல் அவனை நன்றாகப் படிப்பவர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் நான்காம் வகுப்புகளைக் கவனித்த வாசிப்பு ஆய்வாளர் டோலரஸ் டர்கின், வாசிப்பு வகுப்பு நேரத்தில் புரிதலைக் கற்பிக்கச் செலவானது ஒரு சதவீதத்திற்கும் குறைவு என்று 1978–79இல் எழுதினார். கேள்வி கேட்பதிலும் பயிற்சித்தாளிலும்தான் நிறைய நேரம் போயிற்று. நம் வகுப்புகளும் அப்படித்தான் நடக்கின்றன. பார்வையிட வரும் அலுவலர் பாடம் முடிந்ததா, ஏடு திருத்தப்பட்டதா என்று பார்க்கிறாரே தவிர, ஒரு குழந்தையை அழைத்து ‘பாட்டி ஏன் அப்படிச் சொன்னாள்?’ என்று கேட்பதில்லை. அவருக்காக ஏட்டை நிரப்பியாக வேண்டும் என்பதை அறிவேன். அதற்குப் பின்னும் நாளுக்குப் பதினைந்து நிமிடத்தை இதற்கென ஒதுக்கி, ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்.