அடகுக்கடைக்குப் போக முதல்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்தரப் பரீட்சை எழுதிய மகன் விடியும்வரை லப்டொப்பின் முன் இருந்து கலியாண வீடியோவுக்கு நிறம் திருத்துகிறார், இப்போது புது லப்டொப் கேட்கிறார், காப்பை அடகு வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வைக்க வேண்டாம்.

போன கிழமை உங்கள் மகன், அந்தத் தம்பி, களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து என்னிடம் வேலையைக் காட்டினார். நல்ல கண். ஆனால் வேலை செய்யும் ஒழுங்கு பிழை. ஒரு கலியாணத்தில் எண்ணூறு வீடியோத் துண்டு (கிளிப்) இருந்தால் எண்ணூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து நிறம் போடுகிறார், அதுவும் வெட்டி ஒட்டும் வேலை முடிய முதலே. பிறகு மாப்பிள்ளை வீட்டார் "அந்தக் காட்சி வேண்டாம்" என்றால் அந்த உழைப்பு அப்படியே வீண். இந்தத் தொழிலில் ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்றுதான் காசு. நான்கு நாளில் முடித்தாலும் மூன்று கிழமை இருந்தாலும் கையில் வருவது ஒன்றுதான்.

இனித் தம்பிக்கு. முதலில் எடிட்டிங் முழுவதையும் முடித்து, வீட்டாரிடம் காட்டிச் சரி வாங்குங்கள். நிறம் அதற்குப் பிறகு. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிறம் திருத்தும் கலர் பக்கத்துக்குப் போனதும் துண்டுகளை இடம்வாரியாகக் குழுவாக்குங்கள்: வீட்டில் அலங்காரம், கோயில், மண்டபம், மாலை வரவேற்பு. ஒரே மண்டபத்தை இரண்டு விதமான கமராக்களில் எடுத்திருந்தால் அதற்கு இரண்டு குழு. குழுவுக்கு முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு இடம் உண்டு. லொக்கில் (பிறகு திருத்த இடம் விட்டு, நிறம் மங்கலாகப் பதியும் முறை) எடுத்ததை ரெக் 709க்கு (சாதாரண டிவித் திரைகளுக்கான நிற அளவு) மாற்றும் வேலை முன்பகுதியில், அந்தக் குழு முழுவதற்குமான சாயல் பின்பகுதியில். நடுவில் அந்தந்தத் துண்டின் சின்னத் திருத்தம் மட்டும். வரவேற்பு கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று யாரும் சொன்னால் அந்தக் குழுவின் பின்பகுதியில் ஒரு இடத்தில் தொட்டால் போதும், இருநூறு துண்டும் சேர்ந்து மாறும். பிரீமியர் என்ற மற்ற மென்பொருளில் வேலை செய்பவர்கள், கீழே உள்ள துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றை மேலே போட்டு, அதில் லூமெட்ரி என்ற நிறக் கருவியைப் பாவித்து ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். எனக்கென்னவோ பல கமரா, பல வெளிச்சம் என்று வரும்போது ரிசோல்வ்தான் கைக்குச் சுகம்.

ஒவ்வொரு குழுவிலும் நல்ல ஒரு துண்டைப் பிடித்து முதலில் வெளிச்சம், அடுத்து வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வைட் பலன்ஸ், கடைசியில் சாயல் என்று முடியுங்கள். அதை ஸ்டில்லாக (அசையாப் படமாக) சேமித்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடுங்கள். கண்ணை மட்டும் நம்பக்கூடாது. விடிய இரண்டு மணிக்கு எல்லாருடைய கண்ணும் பொய் சொல்லும், லப்டொப் திரையும் சேர்ந்து பொய் சொல்லும். சிவப்பு, பச்சை, நீல அளவைத் தனித்தனியாகக் காட்டும் பரேடைப் பாருங்கள், நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வெக்டர்ஸ்கோப்பைப் பாருங்கள். வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு இருக்கிறது. கறுப்பான ஆளென்றாலும் சிவந்த ஆளென்றாலும் தோல் அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான் விழும், வெளிச்ச அளவுதான் வேறு. நம் பக்கத்தில் பெண்ணை வெள்ளையாக்கித் தரச்சொல்லிக் கேட்கும் பழக்கம் இருக்கிறதே, அதற்கு இணங்கி முகத்தைச் சுண்ணாம்பாக்கினால் கூறைச்சேலையின் நிறமும் சேர்ந்து செத்துப்போகும். முகத்தில் வெளிச்சத்தை அளவாக ஏற்றிக் கொடுங்கள், போதும்.

இன்னொன்று, கமராவில் வைட் பலன்ஸை ஓட்டோவில் விடாதீர்கள். ரியூப் லைற் ஒரு பக்கம், ஜன்னல் வெயில் ஒரு பக்கம் உள்ள மண்டபத்தில் ஒரே துண்டுக்குள்ளேயே நிறம் ஓடித்திரியும். அதைத் திருத்துவது பெரிய தலையிடி.

சரி அம்மா, லப்டொப் விசயம். ரிசோல்வின் இலவசப் பதிப்பு 3840×2160 அளவு வரை வெளியே எடுக்க விடுகிறது. கலியாண வேலைக்கு அது தாராளம். காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் படத்தில் வரும் புள்ளி இரைச்சலை நீக்குவது போன்றவை கூடுதலாக உண்டு, அது பிறகு பார்க்கலாம். இப்போதிருக்கும் மெசின் திணறுவது முழு அளவுக் கோப்புகளை நேரே ஓடவிடுவதால். பிராக்ஸி, அதாவது அதே வீடியோவின் சிறிய நகல்கள், செய்து அவற்றில் வெட்டி ஒட்டட்டும், நிறம் முடிந்த பிறகு பெரியதில் வெளியே எடுக்கட்டும்.

பிழைப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஆடி, மார்கழியில் நம் கலியாணங்கள் குறையும். அந்த நேரம் முஸ்லிம் மக்கள் வாழும் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து ஸ்ரூடியோக்களில் வேலை இருக்கிறதா என்று விசாரிக்கலாம். நோன்பு மாதத்தை விட்டுப் பாருங்கள். மற்றது, ஏதாவது தொழிற்பயிற்சி வகுப்பில் சேர்க்க முதல் அங்கே தருவது என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழா, எந்த மட்டம் என்று நேரே கேளுங்கள். வெறும் கடதாசிக்குக் காசு கட்ட வேண்டாம்.

தம்பியிடம் ஒரு கொப்பி கொடுங்கள். அடுத்த கலியாணத்தை மேலே சொன்ன ஒழுங்கில் செய்து, வெட்டுவதற்கு எத்தனை மணித்தியாலம், நிறத்துக்கு எத்தனை, மெசின் எங்கே நின்றது என்று எழுதட்டும். கொப்பியோடு இருவரும் வாருங்கள். பிராக்ஸி செய்தும் மெசின்தான் இழுத்தடித்தது என்று கொப்பி சொன்னால், காப்பைப் பற்றி அப்போது பேசுவோம்.