பழைய பாம் கருவியின் நாள்குறிப்புகளைக் கணினிக்கு மாற்றுதல்: கேள்வி பதில்

பாம் எனும் பழைய கையடக்க மின்னணு நாள்குறிப்புக் கருவிகளைப் பற்றி மட்டுமே இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பதற்கு முன் கருவிக்கு மின்சாரம் இருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: ஐயா, அப்பாவின் எம்505 பாம் கருவி இன்னும் வேலை செய்கிறது. ஆனால் 64 பிட் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். பாம் நிறுவனம் 64 பிட் விண்டோஸுக்கு யுஎஸ்பி இயக்கி (கருவியைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருள்) வெளியிடவே இல்லை. ஆகவே கோளாறு உங்கள் கருவியில் இல்லை. பழைய 32 பிட் எக்ஸ்பி கணினி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அல்லது லினக்ஸில் பாம் கருவிகளோடு பேசும் ஜே-பைலட் என்ற மென்பொருளை நிறுவுங்கள். பின்னது நாள்குறிப்புகளை நாள்காட்டி மென்பொருள்கள் படிக்கும் ஐகேலண்டர் கோப்பாகவே எழுதித் தரும். எக்ஸ்பி வழியில் போனால், கருவியையும் கணினியையும் ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்துவதற்கு முன் கணினியிலுள்ள ஹாட்சிங்க் மென்பொருளின் அமைப்புக்குள் சென்று, நாள்குறிப்பு, பணிகள் என ஒவ்வொன்றுக்கும் ‘கருவியில் உள்ளது கணினியில் உள்ளதை மாற்றட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திசையைத் தலைகீழாக வைத்துவிட்டால், கணினியின் வெற்றுப் பக்கம் அப்பாவின் குறிப்புகளைத் துடைத்துவிடும். எம்505இன் நினைவகம் மின்சாரம் தீர்ந்தால் அழிந்துபோகும் வகை என்பதால், வேலை முடியும்வரை கருவி அதன் மின்னேற்றத் தொட்டிலிலேயே இருக்கட்டும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: மாற்றிவிட்டேன், ஆனால் காலை 9 மணிச் சந்திப்பெல்லாம் மாலை 5 மணிக்கு நிற்கிறது.

பாம் நாள்குறிப்பு சுவர்க் கடிகார நேரத்தை மட்டுமே பதிக்கும். நேர மண்டலம் அதற்குத் தெரியாது. இடையில் வந்த மென்பொருள் அதை உலகப் பொது நேரமாக எண்ணிவிட்டதால், நம் மலேசியாவுக்குரிய 8 மணி நேரம் கூடிவிட்டது. கோப்பைச் சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்தால், நேர எண்களின் கடைசியில் ‘இசட்’ என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். அதை எல்லா இடத்திலும் நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றுங்கள்.

செந்தூலிலிருந்து: கூகுள் நாள்காட்டியில் சந்திப்புகள் வந்தன, பணிகள் ஒன்றுகூட வரவில்லை.

அது நிகழ்ச்சிகளை மட்டுமே ஏற்கும். பணிகளை ஏற்கும் தண்டர்பேர்டு போன்ற மென்பொருள் ஒன்றில் திறந்து பாருங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: தாத்தாவின் திதியை ஆண்டுதோறும் வரும் நிகழ்ச்சியாகப் போட்டு, பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வொரு வருடமும் தேதியை நகர்த்தி வந்தேன். இப்போது ஒவ்வொரு ஆண்டிலும் திதி இரண்டு முறை வருகிறது.

இதுவரை வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான். ஒரு வருடத்து நிகழ்வை மட்டும் நகர்த்தினால், பாம் பழைய பதிவில் அந்தத் தேதியை ‘விலக்கு’ என்று குறித்துவிட்டு, புதிய தேதிக்குத் தனிப் பதிவு ஒன்றை எழுதுகிறது. ஏற்றுமதியில் விலக்குப் பட்டியல் விடுபட்டால், பழைய தேதியும் உயிர்பெற்று இரண்டும் நிற்கும். தனிப் பதிவுகளை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வரும் மூலப் பதிவை நீக்கிவிடுங்கள்.

செந்தூலிலிருந்து மீண்டும்: எதற்கு இந்தத் தொல்லை? இறந்த ஆங்கிலத் தேதியையே வைத்துக்கொள்ளலாமே.

பட்டர்வொர்த்: மாதமும் பட்சமும் பார்த்துக் கொடுப்பதுதான் திதி, அண்ணா. ஆங்கிலத் தேதியில் கொடுத்தால் அது வெறும் நினைவு நாள்.

குடும்ப வழக்கத்தில் நான் நுழையமாட்டேன். ஆனால் தொழில்நுட்பத்தில் பட்டர்வொர்த்துக்காரர் பக்கமே நியாயம் இருக்கிறது. தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. இதைப் போன்ற நாளை ‘ஒவ்வொரு ஆண்டும் இதே தேதி’ என்று பாமிடம் சொல்வது அதைப் பொய் சொல்லப் பழக்குவதாகும். செந்தூல் அன்பர் இதற்குப் பிறகும் மூன்று முறை எழுதிவிட்டார். திதியைப் பற்றி இனி இங்கே வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து: 64 பிட் விண்டோஸில் எம்505…

முதல் பதில்.

பினாங்கிலிருந்து: பிளாக்பெர்ரிக்கு?

என் துறை அன்று.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து இன்னொருவர்: எம்105இன் பேட்டரி தீரப்போகிறது. மாற்றிவிட்டுப் பிறகு நகலெடுக்கலாமா?

கூடாது. முதலில் நகல். பழைய பேட்டரிகளைக் கழற்றிப் புதியவற்றைப் போட உங்களுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடமே உண்டு. சற்றுத் தாமதித்தாலும் எல்லாம் அழிந்துவிடும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: இசட்டை நீக்கினேன், சரியாகிவிட்டது. கருவியை விற்றுவிடலாமா?

கணினிக்கு வந்த கோப்பில் பழைய சந்திப்பு ஒன்று, அடிக்கடி வரும் நிகழ்ச்சி ஒன்று, மறைத்து வைத்த பதிவு ஒன்று ஆகியவற்றைக் கருவித் திரையோடு வைத்து ஒப்பிடுங்கள். மறைத்தவைதான் பெரும்பாலும் விடுபடும். அதுவரை பேட்டரியைத் தொடாதீர்கள்.